மூன்று தட்டு, பிறகு தண்ணீர்

முள்ளிக்கரை உப்பளக் குடியிருப்பில் சோப்பு நுரைக்காது. வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், ஒருநாள் வந்து இந்தக் கிணற்றுத் தண்ணீரில் குளித்துப் பார்த்தால் அந்தச் சிரிப்பு எங்கே போச்சு என்று அவர்களே தேடுவார்கள். மஞ்சள் சோப்போ பச்சைச் சோப்போ, டிவியில் அருவிக்கு அடியில் நின்று ஒரு பெண் தேய்த்துக்கொள்வாளே அந்த வாசனைச் சோப்போ, எதைப் போட்டாலும் திரிந்த பால் மாதிரி துணுக்குத் துணுக்காகத் தோலில் ஒட்டிக்கொண்டு நிற்கும். வாரம் ஒருமுறை லாரியில் வருகிற நல்ல தண்ணீர் குடிக்கவும் சோறு பொங்கவுமே பத்தாது, அதில் போய் யார் குளிப்பது? ஆகவே அந்த ஊர்ச் சனம் பிறந்த நாளிலிருந்து உப்பில் வேலை செய்து, உப்பில் குளித்து, உடம்பில் வெள்ளை பூத்துப்போய், சொறிந்துகொண்டே தூங்கி, சொறிந்துகொண்டே எழுந்தது.

அந்த ஊரில்தான் பிரகாசி சோப்பு செய்தாள்.

பிரகாசிக்கு நாற்பத்தொரு வயது. உப்புப் பாக்கெட் போடுகிற ஷெட்டில் வேலை, லைன் வீட்டில் கடைசி அறையில் தனி வாசம். கல்யாணம் ஆகவில்லை, ஏன் ஆகவில்லை என்று கேட்டால், "கேக்க வந்தவன் பொண்ணு வீட்டுக்காரங்க எங்கன்னு கேப்பான், நான் யாரக் காட்ட?" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். அவள் டவுனில் கன்னியாஸ்திரிகளின் பிள்ளை இல்லத்தில் வளர்ந்தவள். பத்தொன்பது வயதில், இல்லத்துக்கு உப்பு மூட்டை இறக்க வந்த யாரோ ஒருவர் முள்ளிக்கரை ஷெட்டில் ஆள் எடுக்கிறார்கள் என்று சொன்னதைக் கேட்டு, சிஸ்டர்கள் ஒரு பெட்டியும் ஒரு ஜெபமாலையும் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். புறப்படுகிற அன்று பழைய பதிவேட்டைத் திறந்து அவளுக்குரிய வரியைக் காட்டினார்கள். 'பெண் குழந்தை, சுமார் மூன்று மாதம். கேட்டருகே கிடைத்தது. குளிப்பாட்டி, துடைத்து, எண்ணெய் தேய்த்து, பவுடர் போட்டிருந்தது.' அவ்வளவுதான். அம்மா பேர் இல்லை, அப்பா பேர் இல்லை, ஊர் இல்லை. பிரகாசி அந்த வரியை மனப்பாடம் செய்துகொண்டு பஸ் ஏறினாள். இருபத்திரண்டு வருஷமாக உப்பு அள்ளிப் பாக்கெட்டில் போடுகிற ஒவ்வொரு கைப்பிடியிலும் அவளுக்கு ஒரே கேள்வி. தூக்கிப் போடுகிறவர்கள் யாராவது குளிப்பாட்டிவிட்டுத் தூக்கிப் போடுவார்களா?

இந்தக் கேள்வி ஒரு பக்கம் இருக்க, ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தாள். எந்த ஊர்ப் பெண்ணோ தன் அடுப்படியில் நின்றுகொண்டு, தேங்காய் எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் தண்ணீரும் இருந்தால் வீட்டிலேயே சோப்பு செய்யலாம் என்றாள். சொல்லிவிட்டு, போகிற போக்கில், தேங்காய் எண்ணெய்ச் சோப்பு கடல் தண்ணீரில்கூட நுரைக்கும் என்று ஒரு வார்த்தை விட்டாள். பிரகாசி கையில் எடுத்த சோற்றை வாயில் வைக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்கி வந்துவிட்டாள்.

முதல் தடவை, வீட்டில் இருந்த பெரிய பாத்திரம் அலுமினியச் சட்டி என்பதால் அதிலேயே சோடாவைக் கரைத்தாள். சோடா உஸ்ஸென்று சீறியது, சட்டி கறுத்தது, புகை மூக்கில் ஏறியது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடியில் ஓட்டை விழுந்து தரையெல்லாம் பொரிந்தது. பக்கத்து அறைப் பேச்சித்தாய் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள். பேச்சித்தாய்க்கு மெதுவாகப் பேசவே தெரியாது, அவள் குசுகுசு என்று பேசினாலே நாலு வீட்டுக்குக் கேட்கும்.

"ஏட்டி பிரகாசி, நீ சோப்பு செய்தியா குண்டு செய்தியா? லைன் வீட்டோட எங்களக் கொளுத்தணும்னு நேர்ச்சையா உனக்கு?"

இரண்டாம் தடவை, பெயிண்ட் வாளியில் கிணற்றுத் தண்ணீரை எடுத்துக் கரைத்தாள். வாளி தாங்கியது, ஆனால் எண்ணெய் ஒரு பக்கம் சோடா ஒரு பக்கம் என்று சம்பந்தி சண்டை மாதிரி முறுக்கிக்கொண்டு நின்று, கடைசியில் மணல் மணலாகத் திரிந்துபோனது. வாசலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வழியாகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு மோட்டார் ரூம் தொம்மை வந்தார். உப்பளத்தின் கோடியில் இருக்கிற மோட்டார் ரூமிலேயே குடியிருந்து, போர்த் தண்ணீரை இறைத்துப் பாத்திகளுக்கு விடுகிறவர் அவர். எழுபதை நெருங்கிய ஆள், ஒண்டிக்கட்டை, ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அன்றைக்கு மூன்று வார்த்தை பேசினார்.

"உப்புத் தண்ணில சேராது."

மறுநாள் காலையில் பிரகாசியின் வாசலில் ஒரு கேன் நல்ல தண்ணீர் இருந்தது. ரோட்டு முக்குக் குழாய்க்குப் போக ஆறு கிலோமீட்டர், வர ஆறு. யார் வைத்தது என்று கேட்க வேண்டிய அவசியமில்லை, மண்ணில் சைக்கிள் தடம் இருந்தது.

எண்ணெய்தான் வீணாய்ப் போயிருந்தது. பேச்சித்தாய் வாய்தான் அப்படி, மனசு வேறு. அவளே ஒரு தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், தலைக்குத் தேய்க்கிற பாட்டிலில் அடியில் கிடந்தது, பிள்ளைக்குத் தேய்த்த மிச்சம், அப்பம் சுட வைத்திருந்தது என்று எல்லாத் தேங்காய் எண்ணெயையும் கவிழ்த்து வாங்கி வந்தாள். மூன்றாம் தடவை கிளறும்போது லைன் வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் வாளியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். அது சும்மா கிளறல் இல்லை. மர அகப்பையை விடாமல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், கூழ் கெட்டிப்பட்டு அகப்பை போன தடம் மேலே நிற்கிற வரைக்கும் நிறுத்தக் கூடாது. ஒருத்திக்குக் கை வலித்தால் அடுத்தவள் வாங்கினாள், அவளுக்கு வலித்தால் இன்னொருத்தி. கை சுற்றச் சுற்ற வாயும் சுற்றியது, சோப்பைப் பற்றி ஆரம்பித்த பேச்சு குளியலுக்குப் போய், குளியலில் இருந்து சின்ன வயசுக்குப் போய், எங்கம்மை காலை நீட்டிப் போட்டு அதில் என்னைக் குப்புறப் படுக்கவைத்து அடித்துத் துவைத்தாள், எங்கத்தை மூக்கைப் பிடித்து இழுத்தே இப்படி எடுப்பாக்கிவிட்டாள், எங்கக்கா கண்ணில் சோப்புப் போட்டுவிட்டுச் சிரிப்பாள் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பிரகாசியின் முறை வந்தபோது அவளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. சும்மா கிளறினாள். அவள் கிளறும்போதுதான் அகப்பைத் தடம் கூழின் மேல் கோடாக நின்றது.

அட்டைப் பெட்டியில் உப்புக் கவரை விரித்து அதில் ஊற்றினார்கள். மறுநாள் நைலான் நூலால் அறுத்தார்கள். நாற்பது நாள் நிழலில் காயவைக்க வேண்டும் என்று வீடியோ சொன்னது. ஆனால் உப்பளத்து ஆட்களுக்கு எதைக் காயவைக்கச் சொன்னாலும் ஒரே முறைதான் தெரியும். சோப்புக் கட்டிகளை வரப்பில் கொண்டுபோய் அம்பாரமாகக் குவித்து, மழைக்கு உப்பை மூடுவது போலப் பனையோலை வேய்ந்து, கயிறு கட்டி, கல் வைத்தார்கள். உப்பு அம்பாரங்களின் வரிசைக் கடைசியில் முழங்கால் உயரத்தில் ஒரு குட்டி அம்பாரம் நாற்பது நாள் நின்றது. சூப்பர்வைசர் அதைக் கடக்கும்போதெல்லாம் இது எந்தப் பாத்தி உப்பு என்று கேட்டு, பதில் வராமல் போய்க்கொண்டிருந்தார்.

நாற்பத்தோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்கு ஒரு கட்டி. பொதுக் குளியலறையில் முதலில் புகுந்தது பேச்சித்தாய். உள்ளேயிருந்து முதலில், "ஆத்தாடி, நுரைக்குதுட்டி!" என்று சத்தம் வந்தது, வெளியே நின்ற சனம் கைதட்டியது. அடுத்த நிமிஷம், "எவளோ என் முதுகத் தேய்க்காளே!" என்று அலறல். அவள் புருஷன் சுடலைமணி துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு கதவருகே ஓடினான். "யாருட்டி உள்ள?" என்றான். அப்புறம், பேச்சித்தாய் தொண்டையில் அவர்கள் யாருமே அதுவரை கேட்டிராத ஒரு சின்னக் குரல், "சும்மா இருங்க. எங்கம்மை" என்றது.

அம்மை செத்துப் பதினாறு வருஷம்.

இப்படித்தான் ஆரம்பித்தது. அந்தச் சோப்பைப் போட்டு நுரை எழும்பியதும், நம் கை எட்டாத அந்த நடு முதுகில் இரண்டு கைகள் வந்து தேய்த்துவிடும். யார் நம்மைக் குழந்தையில் முதல்முதலாகக் குளிப்பாட்டினார்களோ அவர்கள் கை. நுரை இருக்கிறவரை இருக்கும், தண்ணீர் ஊற்றியதும் போய்விடும். ஒரே வாரத்தில் முள்ளிக்கரைக்கு இது பழகிவிட்டது. திங்கட்கிழமை ஷிப்ட் இருக்கிறதே, எத்தனை நேரம் வாயைப் பிளந்துகொண்டு நிற்க முடியும்? ஸ்கூல் சயின்ஸ் டீச்சர் மட்டும் அது கிளிசரின் என்றார். மறு ஞாயிறு அவரும் வந்து குளித்தார், வெளியே வந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கிளிசரின்தான் என்று இன்னொரு தரம் சொன்னார், அதோடு சரி.

பழகாதது வேறு. அந்தக் கைகள் எல்லாம் அம்மா கையாக இல்லை. ஒருத்திக்கு வந்தது பதினைந்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அத்தையின் கை. ஒருத்தனுக்கு அடுத்த தெரு டீக்கடைக்காரரின் அக்கா கை, அவன் பிறந்தபோது அவன் அம்மாவுக்கு ஜன்னி கண்டு படுத்திருக்க, அந்த அக்கா தினமும் வந்து குளிப்பாட்டிவிட்டுப் போனாளாம், யாரும் அவனுக்குச் சொன்னதே இல்லை. சுடலைமணியின் அம்மா உயிரோடுதான் இருந்தாள், மகள் வீட்டில். ஏதோ கல்யாணப் பத்திரிகையில் பேர் விட்டுப்போன சண்டையில் இரண்டு வருஷமாக அவன் எட்டிப் பார்க்கவில்லை. அந்தக் கை வந்து நன்றாகத் தேய்த்துவிட்டு, நடு முதுகில் பளாரென்று ஒன்று வைத்தது. சுடலைமணி முதுகில் ஐந்து விரலும் பதிந்திருக்க, ஈரத் துண்டோடு வெளியே வந்து, "சட்டைய எடு, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றான். சாயங்காலம் அம்மாவோடு வந்து இறங்கினான்.

அதன்பிறகு முள்ளிக்கரை ஸ்டாப்பில் பஸ் ஏறுகிற கூட்டத்தைப் பார்த்துக் கண்டக்டருக்கே குழப்பம். கையில் வாழைப்பழச் சீப்பு, ரொட்டிப் பாக்கெட், மல்லிகைப்பூ, சிலர் கையில் கோழிகூட.

"என்ன ஊர்ல விசேஷமா?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி, முதுகு தேச்ச ஆளப் பாக்கப் போறோம்."

போய் நின்று, பழத்தைக் கொடுத்து, என்ன சொல்வது என்று தெரியாமல், நல்லாயிருக்கியளா என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார்கள். உயிரோடு இல்லாதவர்களுக்கு மாதா கோயிலிலும் இசக்கியம்மன் கோயிலிலும் மெழுகுவர்த்தியும் விளக்குமாக எரிந்தது. நன்றி சொல்ல வேண்டிய ஆட்கள் இத்தனை பேர் தங்களுக்கு இருந்தார்கள் என்பது அந்தச் சனத்துக்கு அதுவரை தெரியாது. கம்பெனி முதலாளிக்கு ஒரு கட்டி அனுப்பலாம் என்று சூப்பர்வைசர் கேட்டபோது பேச்சித்தாய் இடுப்பில் கை வைத்து, "அவர ஆயம்மால்லா குளிப்பாட்டியிருக்கும்? அந்தப் பொம்பள இப்ப எந்த ஊர்லயோ. தேடிப் போயி கையெடுத்துக் கும்பிடுவாரான்னு கேட்டு வாங்க, தாரேன்" என்றாள். அவர் கேட்கவும் இல்லை, வரவும் இல்லை.

பிரகாசி முதல் இரண்டு வாரம் அந்தச் சோப்பைத் தொடவில்லை. பயம். எல்லாருக்கும் கை வந்து, தனக்கு மட்டும் வெறும் நுரை வந்தால்? இருபத்திரண்டு வருஷமாக இருக்கிற கேள்விக்கு, ஒருத்தரும் இல்லை என்று முதுகு பதில் சொல்லிவிட்டால் மீதி நாளை எப்படி ஓட்டுவது? மூன்றாவது ஞாயிறு பேச்சித்தாய்தான் பிடித்து உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

கை வந்தது. அம்மாடி, எத்தனை பெரிய கை! இரண்டும் சேர்ந்தால் அவள் முதுகு முழுவதும் மூடிவிடும் போல இருந்தது. உள்ளங்கை சொரசொரவென்று காய்ப்புக் காய்த்திருந்தது, கட்டைவிரல் அடியில் கூழாங்கல் மாதிரி ஒரு கட்டி. ஆனால் அந்தக் கை அழுத்தவே இல்லை, தொட்டால் உடைந்துவிடுமோ என்கிற மாதிரி, தேய்க்கத் தெரியாத கை தேய்ப்பது மாதிரி, பயந்து பயந்து சுற்றியது. முடித்துவிட்டு முதுகில் மெதுவாகத் தட்டியது. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது தட்டில் பிரகாசி அவளே அறியாமல் கண்ணை மூடி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீரை ஊற்றிக்கொண்டாள், கை போய்விட்டது. குளியலறைத் தரையில் உட்கார்ந்து, தனக்கும் ஒருத்தர் இருந்தார்கள், இருந்தார்கள் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அது துக்கத்து அழுகை இல்லை.

அழுது முடித்ததும் அடுத்த கேள்வி வந்தது. யார்? மற்றவர்களுக்குத் தொட்டவுடன் ஆள் தெரிந்தது. அவளுக்குத் தெரிந்துகொள்ள முகமே இல்லை. சோப்போ நாளுக்கு நாள் கரைகிறது. அதே எண்ணெய் மிச்சங்களை வாங்கி, அதே தண்ணீரில், அதே பெண்கள் கிளறி இன்னொரு வாளி செய்து பார்த்தார்கள். நல்ல சோப்பு, நன்றாக நுரைத்தது, அரிப்பெல்லாம் போனது, ஆனால் கை வரவில்லை. அப்படியென்றால் இருப்பது இருக்கிறவரைதான், அதற்குள் அந்த ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கை மறுபடியும் பேரில்லாத கையாகவே போய்விடும்.

ஊரே தேடியது. லைன் வீட்டுப் பெண்கள் வட்டம் போட்டு உட்கார்ந்து துப்புத் துலக்கினார்கள். பெரிய கை, காய்ப்பு, பயந்த தேய்ப்பு, மூன்று தட்டு.

"காய்ப்புன்னா கூலி வேலைக்காரி. பயந்து தேய்க்கான்னா தலைப்பிள்ளக்காரி," என்றாள் பேச்சித்தாய், கோர்ட்டில் சொல்வது மாதிரி. "கை பெருசுன்னா ஆளும் ஓங்குதாங்கா இருப்பா. அறுபது வயசுக்கு மேல. எங்க போயிருவா, புடிச்சிருவோம்."

சுற்றுவட்டாரத்தில் அறுபது தாண்டிய பெண்கள் ஒருத்தர் கையையும் அவர்கள் விடவில்லை. பனங்காட்டில் ஓலை முடைகிறவர்கள், கருவாட்டுக் கடைக்காரிகள், சித்தாள் வேலை செய்தவர்கள் என்று ஓங்குதாங்கான கிழவி எங்கே தென்பட்டாலும், "ஆச்சி, கையக் கொஞ்சம் காட்டுங்க" என்று போய் நின்றார்கள். ரேகை பார்க்கிற கூட்டம் என்று நினைத்து ஒரு ஆச்சி விரட்டியே விட்டாள். காய்ப்பு இருந்தால் கை சின்னது, கை பெரிதாக இருந்தால் காய்ப்பு வேறு இடத்தில். மூன்று மாதம் அலைந்தும் ஒன்றும் அகப்படவில்லை. எல்லாருடைய கட்டிகளும் தீர்ந்தன. பிரகாசியிடம் தாள் மாதிரி மெல்லிசாக ஒரு சில்லு மிஞ்சியது. இன்னும் ஒரே ஒரு குளியல். அதை ஒரு சிப்பிக்குள் வைத்து மாதா படத்துக்குக் கீழே வைத்தாள்.

ஊரில் அந்தச் சோப்பை வாங்காதவர் ஒரே ஒருவர்தான், மோட்டார் ரூம் தொம்மை. முதல் ஞாயிறே பிரகாசி ஒரு கட்டியைக் கொண்டு நீட்டினாள். "எனக்கு எதுக்கு? என் முதுகு எனக்கு எட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். முதுகு யாருக்காவது முழுசாக எட்டுமா? அப்போது அவள் அதை யோசிக்கவில்லை.

ஒரு புதன்கிழமை காலை, ஷெட்டுக்குப் போகிற வழியில், பிரகாசி வரப்பில் நின்று செருப்பில் ஏறிய சேற்றைத் தட்டிக்கொண்டிருந்தாள். தூரத்தில் மோட்டார் ரூமில் தொம்மை ஸ்பேனரால் இரும்புக் குழாயைத் தட்டினார். டங், டங், டங். பிறகு தண்ணீர் குபுகுபுவென்று வாய்க்காலில் பாய்ந்தது. இருபத்திரண்டு வருஷமாகத் தினமும் கேட்கிற சத்தம், காக்கா கத்துகிற மாதிரி காதில் விழுந்து போய்விடுகிற சத்தம்.

அன்றைக்கு மூன்றாவது தட்டில் அவள் மூச்சைப் பிடித்தாள்.

உடம்புதான் முதலில் அறிந்தது. அப்புறம்தான் புத்தி ஓடி வந்தது. உப்பு சுமக்கிற பெண்களுக்குக் காய்ப்பு உச்சந்தலையில் அல்லவா இருக்கும்? பலகை பிடித்து உப்பு வாருகிறவர்களுக்குத்தானே கட்டைவிரல் அடியில் கட்டி விழும்? உப்பு வாருவது ஆம்பிளை வேலை. பிள்ளையைக் குளிப்பாட்டிய கை என்றதும் ஊரே பொம்பளைக் கையைத் தேடிப் போனதே, ஒருத்திக்குக்கூட ஒரு ஆம்பிளையின் கையைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லையே! சோற்றுத் தூக்கை வரப்பிலேயே வைத்துவிட்டு பிரகாசி ஓடினாள்.

தொம்மை குழாய் வாயருகே குந்தியிருந்தார்.

"மூணு தட்டு எதுக்கு அண்ணாச்சி?"

"கீழ வாய்க்கால்ல ஆளு நிக்கும். சொல்லாம தண்ணி விட்டா பயந்துரும்லா."

"எப்பப் பழகுன பழக்கம்?"

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார், மறுபடி எடுத்தார். பிரகாசி எதிரே உட்கார்ந்து அவர் வலது கையைப் பிடித்துத் திருப்பினாள். கட்டைவிரல் அடியில் கூழாங்கல் இருந்தது. அவள் கட்டைவிரலால் அதைத் தடவத் தடவ, வாழ்நாளில் ஒரு நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர் பேச ஆரம்பித்தார்.

"அப்ப குடியிருப்பெல்லாம் கிடையாது. அளமும் இந்த ரூமுந்தான். நான் பலகை இழுத்துட்டிருந்தேன், ராவைக்கு இங்கதான் படுக்கை. ஒருநா விடியல்ல அந்தா அந்த அம்பாரத்து ஓலைக்கு அடியில நீ கிடந்த. யாரு போட்டாவன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது, மாதா மேல சத்தியம். பாலு ஆட்டுப்பாலு. குளிப்பாட்டத்தான் தெரியல. உப்புத் தண்ணி பட்டா தோலு செவந்து வீச்சு வீச்சுன்னு கத்துவ. அதான் முக்குக் குழாயில போயி நல்ல தண்ணி கொண்டாருவேன், தினமும் ஒரு குடம். அப்பவும் சொல்லாம ஊத்துனா பயந்து அழுவ. மூணு தட்டு தட்டிட்டு ஊத்துனேன். நாலாம் நாள் மூணாவது தட்டுக்கு நீயே கண்ண மூடி மூச்சப் பிடிச்ச. அந்தத் தம்மாத்துண்டு பிள்ளைக்கு அவ்வளவு புத்தி!"

சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பிரகாசி பார்த்தாள். தன்னைப் பற்றி ஒருவர் பெருமைப்பட்டு அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"பெறகு ஐப்பசி மழை வந்துட்டு. அளத்த மூடிட்டாங்க. ரூமுக்குள்ள முழங்கால் தண்ணி. உனக்கு நெஞ்சுல சளி, இழுக்குது. எனக்குக் கை காலு ஓடல. நல்லா குளிப்பாட்டி, பவுடர் வாங்கிப் போட்டு, டவுன்ல அந்த இல்லத்து கேட்டுல கொண்டு வச்சிட்டு, சிஸ்டர் வந்து தூக்குற வரைக்கும் எதுத்தாப்புல புளியமரத்தடியில நின்னேன். அதுக்கப்புறம் வருசா வருசம் ஒரு மூட்டை உப்பு கொண்டு போவேன். நீ ஆடிட்டு இருப்ப. பாத்துட்டு வந்துருவேன்."

ஷெட்டில் ஆள் எடுக்கிறார்கள் என்று சொன்ன அந்த யாரோ ஒருவர் யார் என்று அவள் இனிக் கேட்க வேண்டியதில்லை.

"இருவத்திரண்டு வருசமா கண்ணு முன்னால இருக்கேன். ஒரு வார்த்த சொல்லலியே!"

"என்னன்னு சொல்ல? உன்னத் தூக்கிப் போட்டவன் நாந்தான்னு சொல்லவா?"

"குளிப்பாட்டிட்டுல்லா போட்டிய!" என்றாள் பிரகாசி, கத்தினாள் என்றே சொல்ல வேண்டும், பாத்தியில் நின்ற கொக்கெல்லாம் எழுந்து பறந்தது. "யாரு குளிப்பாட்டிட்டுத் தூக்கிப் போடுவா? இருவத்திரண்டு வருசமா இதக் கேட்டுட்டுக் கிடக்கேன். யாரும் போட மாட்டாவ. பத்திரமாக் கொண்டுபோய் வச்சிருக்கிய!"

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார், வெகு நேரம் எடுக்கவே இல்லை.

அடுத்த ஞாயிறு காலை, பிரகாசி தொம்மையின் சைக்கிளை வாங்கிக்கொண்டு ரோட்டு முக்குக் குழாய்க்குப் போனாள். ஆறு கிலோமீட்டர் போனாள், கேரியரில் குடத்தைக் கட்டிக்கொண்டு, ஒரு சொட்டு சிந்தாமல் உருட்டியபடி ஆறு கிலோமீட்டர் வந்தாள். ஊரே வேடிக்கை பார்த்தது, பேச்சித்தாய்கூட வாயைத் திறக்கவில்லை. மோட்டார் ரூம் வாசலில் ஒரு பலகையைப் போட்டு, "உக்காருங்க" என்றாள். சிப்பியில் இருந்த அந்தக் கடைசிச் சில்லை எடுத்தாள்.

தொம்மை பதறினார். "வேண்டாம் பிள்ள. அது உனக்கு வச்சிருந்தது."

"எனக்கு இனி எதுக்கு? ஆளே கெடச்சாச்சு."

"இல்லட்டி. எனக்கும் ஆயி அப்பன் தெரியாது. கப்பல் துறையில கண்டெடுத்தாங்களாம். ஒரு கையும் வரலேன்னா இந்த வயசுல..." என்று இழுத்தார். அதுதான் சங்கதி. தனக்குக் கை வராது என்று பயந்துதான், என் முதுகு எனக்கு எட்டும் என்று அத்தனை நாள் வீறாப்பு பேசியிருக்கிறார் மனிதர்.

"சட்டையக் கழத்துங்க," என்றாள் பிரகாசி.

அவர் உட்கார்ந்தார், பயந்த பிள்ளை மாதிரி முழங்காலைக் கட்டிக்கொண்டு. வெயில் இளசாக அடித்துக்கொண்டிருந்தது. காலமெல்லாம் உப்பு பூத்த அந்த முதுகில் அவள் நல்ல தண்ணீரைத் தெளித்து, சில்லைத் தேய்த்தாள், வெள்ளை வெளேரென்று நுரை பொங்கியது. தோள்பட்டை, பிடரி, விலா, பலகை இழுத்து இழுத்து வளைந்துபோன நடுத்தண்டு என்று அவள் ஒரு இடம் விடாமல் தேய்த்தாள். சில்லு அவள் விரலுக்கிடையில் கரைந்து, மெலிந்து, இல்லாமல் போனது. முள்ளிக்கரையின் கடைசிச் சோப்பு அதோடு முடிந்தது. நுரையும் வெயிலில் ஒவ்வொன்றாக உடைந்து அடங்கியது. அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"சோப்பு தீந்துட்டோ?" என்று கேட்டார் தொம்மை, திரும்பிப் பார்க்காமல்.

"எப்பமோ தீந்துட்டு."

"கை இன்னும் இருக்கே."

"இருக்கும்," என்றாள். அதுவரை அண்ணாச்சி என்றே கூப்பிட்டு வந்தவள், குனிந்து செம்பில் தண்ணீரை மொண்டுகொண்டு, அந்த ஊர்ப் பிள்ளைகள் அப்பனைக் கூப்பிடுகிற மாதிரி, "ஐயா" என்றாள்.

பிறகு அவர் முதுகில் மெதுவாகத் தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று.

தொம்மை கண்ணை இறுக்க மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டார்.